மாடலுக்கு முன் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கல்வி அலுவலர்களுக்கும், அறிவியல் கண்காட்சிப் பொறுப்பாளர்களுக்கும், மாணவர் செயல்திட்டங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

இந்த ஆண்டுக் கண்காட்சிக்கான சுற்றறிக்கை வெளிவருவதற்கு முன்பே ஒரு கோரிக்கையை உங்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். மாணவர்கள் அட்டையையும் ஒயரையும் கையில் எடுக்கும் முன், தாங்கள் செய்யப்போவது யாருக்காக, அவருடைய எந்தச் சிரமத்துக்காக, எந்த வரம்புகளுக்குள் என்று ஒரே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என விதி வையுங்கள். அந்தப் பக்கத்துக்குத் தனியாக மதிப்பெண் கொடுங்கள். நடுவர்கள் மாடலைப் பார்க்கும் முன் அதைப் படிக்கட்டும். தொழிற்சாலைகளில் நாங்கள் இதை டிசைன் பிரீஃப் என்கிறோம். பள்ளிக்கு, தேவைக் குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் பாலக்கோடு பக்கத்துக்காரன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் ஜிக், ஃபிக்ஸர், அதாவது வேலை நடக்கும்போது பாகத்தைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் துணைக் கருவிகள், வடிவமைப்பது என் வேலை. அசெம்பிளி லைனில் நிற்பவர் எந்தப் பாகத்தைக் கையாள்கிறார், ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை முடிக்க வேண்டும், எந்தக் கையால் எடுக்கிறார், எங்கே வைக்கிறார், இப்போது அவருக்கு எங்கே இடிக்கிறது என்பதெல்லாம் எழுத்தில் வராமல் எங்கள் பிரிவில் கம்ப்யூட்டரில் ஒரு கோடு கூட இழுக்க மாட்டோம். அளவு எடுக்காமல் சட்டை தைத்தால் துணி வீண். எங்கள் வேலையிலும் அப்படித்தான், வீணாவது இரும்பும் ஆள் உழைப்பும். சில ஆண்டுகளாக இரு மாவட்டப் பள்ளிகளிலும் என்னை நடுவராகக் கூப்பிடுகிறார்கள். அங்கே பார்த்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நம் பகுதிக் கண்காட்சிகளில் ஒரு மாடல் திரும்பத் திரும்ப வரும். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகக் கட்டி, உள்ளே பஞ்சு, கரித்தூள், மணல், கூழாங்கல் என்று அடுக்கியிருப்பார்கள். மேலே கலங்கல் தண்ணீர் ஊற்றினால் கீழே தெளிவாகச் சொட்டும். பின்னால் சார்ட்டில், 'ஃபுளோரைடு நீக்கும் எளிய வடிகட்டி' என்று கலர் கலராக எழுதியிருக்கும். மாணவி மூச்சு விடாமல் விளக்குவாள். கைதட்டலும் கிடைக்கும்.

ஆனால் ஃபுளோரைடு கலங்கலாகத் தெரிவதில்லை. கண்ணாடி போல் தெளிந்த தண்ணீரிலும் அது கரைந்திருக்கும். மணலும் கூழாங்கல்லும் அதைப் பிடிக்காது, அடுப்புக் கரியும் அந்த வேலைக்கு உதவாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். நாக்பூரில் உள்ள நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் அளவு பார்த்துச் சேர்த்து, கலக்கி, தெளிய விட்டு எடுக்கிறார்கள். ஃபுளோரைடை ஈர்த்துப் பிடிக்கும் செயலூட்டப்பட்ட அலுமினா என்று இன்னொரு வழி உண்டு. இவை எதுவும் அந்த பாட்டிலில் இல்லை. பெண்ணாகரத்திலும் பாலக்கோட்டிலும் ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்துப் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகளின் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. இந்தத் தண்ணீரிலிருந்து மீட்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஜப்பான் நிதியுதவியோடு கொண்டுவரப்பட்டு 2013இல் தொடங்கப்பட்டது. அப்படிப்பட்ட ஊரில், தண்ணீர் தெளிந்துவிட்டால் ஃபுளோரைடு போய்விட்டது என்று ஒரு குழந்தை நம்பி வீட்டுக்குப் போகிறது, வீட்டிலும் போய்ச் சொல்கிறது. இதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அந்த மாணவியின் உழைப்பில் குறையில்லை. அவளிடம் யாரும் முன்கூட்டியே கேட்கவில்லை, அவ்வளவுதான். 'யார் வீட்டுக்கு இந்த வடிகட்டி? அந்த வீட்டில் குடிக்க எந்தத் தண்ணீர், சமைக்க எந்தத் தண்ணீர்? ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் என்ன செய்கிறார்கள்? அவர்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு? வடிகட்டிய பிறகு எவ்வளவுக்குக் கீழே இறங்கினால் வெற்றி? அதை எப்படி அளக்கப் போகிறாய்?' கடைசி இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்திருந்தாலே போதும், பாதை மாறியிருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் கீழே என்ற எண்ணைத் தேடிக் கண்டுபிடித்திருப்பாள். அளக்க வழி தேடி ஊராட்சி அலுவலகத்தில் பரிசோதனைப் பெட்டி இருக்கிறதா என்று விசாரித்திருப்பாள், அல்லது குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு ஆசிரியரோடு ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோயிருப்பாள். பாட்டில் வடிகட்டி தோற்றுப்போவதை அவளே எண்ணில் பார்த்திருப்பாள். அந்தத் தோல்வியை அப்படியே காட்சிக்கு வைத்திருந்தால் முதல் பரிசுக்குச் சிபாரிசு செய்திருப்பேன்.

தேவையைத் தப்பாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்த் தெருவிலேயே சாட்சி நிற்கிறது. அடிபம்பைச் சொல்கிறேன். இன்று கிராமத்துக்குக் கிராமம் நிற்கும் அந்த இரும்புப் பம்பின் பெயர் இந்தியா மார்க் 2. அதற்கு முன் இருந்தவை வார்ப்பிரும்புப் பம்புகள். மேலைநாட்டில் ஒரு குடும்பம், ஒரு தோட்டம் என்ற அளவுக்கு வடிவமைக்கப்பட்டதைப் பார்த்துச் செய்தவை. இங்கே அதே பம்பில் ஊரே வரிசையில் நின்று விடிகாலையிலிருந்து இரவு வரை அடித்தது. சீக்கிரமே உடைந்தன, பெரும்பாலானவை வேலை செய்யாமல் நின்றன. 1970களில் யூனிசெஃபும் மத்திய அரசும் சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனமும் சேர்ந்து புதுப் பம்பை உருவாக்கியபோது கேள்வியே மாறியிருந்தது: நூற்றுக்கணக்கான பேர் நாள் முழுக்க அடித்தாலும் தாங்க வேண்டும், ஆழமான போரிலிருந்து இழுக்க வேண்டும், இந்தியப் பட்டறைகளிலேயே செய்ய முடிய வேண்டும், விலை கட்டுக்குள் இருக்க வேண்டும். சோலாப்பூரில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்த ஒரு பம்பை முன்மாதிரியாக எடுத்து, கோயம்புத்தூர்ப் பக்கம் கிராமங்களில் வைத்துச் சோதித்தார்கள். பழைய பம்பைச் செய்தவர்களும் திறமைசாலிகள்தான். அவர்கள் மனதில் இருந்த ஆள் வேறு.

அதே கதையில் இன்னொரு பக்கமும் உண்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லலாம். ஆழப் போர் போட்டுத் தண்ணீர் வரவைத்தாகிவிட்டது. நம் பாறை நிலத்தில் அந்த ஆழத்துத் தண்ணீரில்தான் ஃபுளோரைடும் சேர்ந்து வந்தது. பம்புக்கான குறிப்பில் 'தண்ணீர் வர வேண்டும்' என்று இருந்தது, தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது வேறு யாரோ கேட்க வேண்டிய கேள்வியாக வெளியே நின்றது. ஒரு குறிப்பை எழுதி முடித்ததும், 'இதில் நாம் கேட்காமல் விட்டது என்ன?' என்று வகுப்பில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். நிறைய வரும்.

சரி, அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? விளக்கமாகச் சொல்வதைவிட ஒன்றை எழுதியே காட்டுகிறேன். நம் இரு மாவட்டத்துக்கும் பழகிய வேலையாக எடுத்துக்கொள்கிறேன்: புளி தட்டுவது.

மாசி, பங்குனியில் புளி உலுக்கி வந்ததும் வீடு வீடாக மூட்டை இறங்கும். வாசலில், திண்ணையில், மர நிழலில் பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். காய்ந்த ஓட்டை உடைத்து, நாரை உருவி, கல்லின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையை வெளியே எடுப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் செயல்திட்டம் கேட்டால் உடனே எழுதுவது, 'புளியில் கொட்டை நீக்கும் இயந்திரம்.' அந்த ஒரு வரியோடு சிந்தனை நின்றுவிடும். மோட்டார் எங்கே கிடைக்கும், உருளை எப்படிச் சுற்றும் என்று போய்விடுவார்கள்.

அந்த வரியில் ஆளே இல்லை என்பதைக் கவனியுங்கள். இயந்திரம் யாருக்கு? மண்டிக்காரருக்கு என்றால், மணிக்கு எத்தனை மூட்டை, எத்தனை ஆள் மிச்சம் என்பது கணக்கு. வாசலில் உட்கார்ந்து தட்டும் அக்காவுக்கு என்றால் கணக்கே வேறு. வேகமான இயந்திரம் மண்டிக்குப் போனால் அவருக்குக் கூலி இல்லாமல் போகும். இரண்டில் எது சரி என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டேன். யாருக்காகச் செய்கிறோம் என்று பெயர் சொல்லி எழுதாமல் தொடங்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்.

அப்புறம் போய்ப் பார்க்க வேண்டும். 'அக்கா, உங்களுக்கு என்ன மெஷின் வேணும்?' என்று கேட்டால், 'ஏதோ ஒண்ணு செஞ்சு குடு கண்ணு' என்பார். அதில் ஒன்றும் கிடைக்காது. 'நேத்து எப்ப உக்காந்தீங்க, எப்ப எந்திரிச்சீங்க? எந்திரிக்கும்போது எங்க வலிச்சுது? எதுக்காக நடுவுல நிறுத்துனீங்க?' என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிலோவைத் தாங்களே தட்டிப் பார்த்தால் வண்டி வண்டியாகக் கிடைக்கும். சுத்தியல் விரலில் படுவதைவிட, விரலில் ஏற்கெனவே இருக்கும் கீறலில் புளி பட்டு எரிவதுதான் பெரிய தொல்லை என்று தெரியலாம். குனிந்த கழுத்து, மடித்த கால், மரத்துப்போகும் பாதம் இதெல்லாம் கண்ணில் படும். சாதாரண இரும்பு பட்டால் புளி கறுக்கும், கறுத்தால் விலை இறங்கும் என்று அவரே சொல்லுவார். ஏன் கறுக்கிறது என்பதற்கு வேதியியல் பாடத்தில் அமிலமும் இரும்பும் காத்திருக்கின்றன. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊரிகம் புளி நீளமான காய், எல்லா ஊர்ப் புளியும் அந்த அளவில் இருக்காது. அப்படியானால் காயின் நீளத்தை, தடிமனை ஸ்கேல் வைத்து அளந்து ஒரு பட்டியல் போட வேண்டும்.

இவ்வளவும் பார்த்து வந்த மாணவியர் குழு எழுதினால் குறிப்பு ஏறத்தாழ இப்படி வரும்:

'எங்கள் தெருவில் கூலிக்குப் புளி தட்டும் அக்காமார்களுக்காக இதைச் செய்கிறோம். அவர்கள் வீட்டு வேலை முடித்துத் தரையில் உட்கார்ந்து, நடுவில் எழுந்து எழுந்து போய், மாலை வரை தட்டுகிறார்கள். கழுத்தும் இடுப்பும் வலிக்கிறது, விரல் வெடிப்பில் புளி பட்டு எரிகிறது என்று நாங்கள் பேசிய எல்லோரும் சொன்னார்கள். குனியாமலும், வெறும் விரலில் புளி அதிகம் படாமலும் இந்த வேலையைச் செய்ய ஒரு வழி வேண்டும். மின்சாரம் இல்லாமல் இயங்க வேண்டும். செலவு 500 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் அதற்கு மேல் போனால் வாங்க மாட்டோம் என்றார்கள். ஒருவரே தூக்கி வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றும் எடையில் இருக்க வேண்டும். புளி படும் இடத்தில் சாதாரண இரும்பு இருக்கக் கூடாது. பக்கத்தில் விளையாடும் குழந்தை கை வைத்தால் காயம் படக் கூடாது. இப்போது ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தட்டுகிறார்களோ அதைவிடக் குறையக் கூடாது, குறைந்தால் கூலி குறையும். மூன்று அக்காமார்களிடம் ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்போம். தினமும் எடையையும், எங்கே வலித்தது என்பதையும் குறித்துக்கொள்வோம். வாரக் கடைசியில் திருப்பிக் கேட்கும்போது கொடுக்க மனமில்லை என்று சொன்னால் வெற்றி.'

பாருங்கள், இதில் சுத்தியலும் இல்லை, மோட்டாரும் இல்லை, உருளையும் இல்லை. விடை ஒரு சாய்வுப் பலகையாக இருக்கலாம், காலால் மிதிக்கும் ஒன்றாக இருக்கலாம், உயரமான திண்டும் விரலுறையும் மட்டுமாகக் கூட இருக்கலாம். குறிப்பு கதவை மூடவில்லை. அதே நேரம் எதுவும் செய்யலாம் என்று திறந்தும் போடவில்லை. ஒவ்வொரு வரம்புக்கும் ஒரு காரணம் பக்கத்திலேயே நிற்கிறது, அந்தக் காரணமும் ஒரு மனிதரிடமிருந்து வந்தது. இந்தக் குறிப்பை வைத்து ஐந்து குழுக்கள் ஐந்து விதமாகச் செய்யலாம். ஐந்தையும் ஒரே தராசில் நிறுத்தலாம்.

பள்ளிகளில் நான் பார்க்கும் குறிப்புகள், குறிப்பு என்று ஒன்று இருந்தால், இரண்டு பக்கமும் தடுமாறுகின்றன. ஒரு பக்கம், 'பிளாஸ்டிக் மாசைத் தடுக்க ஒரு கருவி' என்பது போல. எந்த பிளாஸ்டிக், எந்தத் தெரு, யார் போடுகிறார்கள், யார் பொறுக்குகிறார்கள் என்று எதுவும் இல்லை. உலகத்தையே காப்பாற்றக் கிளம்பிய குறிப்பில் ஒரு மாணவனுக்கு என்ன வேலை? இன்னொரு பக்கம், '35 செ.மீ. உயரத்தில் மர ஸ்டூல் செய்க' என்று ஆசிரியரே முடித்துக் கொடுத்துவிடுவது. அதைத் தச்சரிடம் கொடுத்தால் போதும். நடுவில், 'விலை குறைவாக, எளிதாக, அழகாக, சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக' என்ற நான்கு சொற்கள் எல்லாக் குறிப்பிலும் வரிசையாக வந்து நிற்கும். இந்தச் சொற்களை எழுதிய மாணவரிடம், 'யாருக்கு விலை குறைவு? எவ்வளவு? எளிது என்றால் பாட்டிக்கா, பத்து வயதுப் பையனுக்கா?' என்று சிவப்பு மையில் ஓரத்தில் கேள்வியாக எழுதுங்கள். பதில் சொல்ல முடியாத சொல்லை அவரே அடித்துவிடுவார்.

பார்வையற்றோருக்கான உணரிக் கண்ணாடியும் அப்படித்தான். நூறு ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் அல்ட்ராசோனிக் உணரியைக் கண்ணாடியில் ஒட்டி, எதிரே சுவர் வந்தால் பீப் ஒலி வரும்படி செய்திருப்பார்கள். நேரே நிற்கும் சுவரை அது நன்றாகவே கண்டுபிடிக்கும். முகத்து உயரத்தில் முன்னோக்கி இருக்கும் அந்த உணரிக்குக் காலடியில் இருக்கும் சாக்கடைக் குழி தெரியாது. மெத்தென்ற துணியிலும் சாய்ந்த பரப்பிலும் எதிரொலி சரியாகத் திரும்பாது. பார்வையற்ற ஒருவரோடு தர்மபுரி பேருந்து நிலையத்தில் ஒரு முறை நடந்திருந்தால், அவர் கையிலிருக்கும் வெள்ளைக் கோல் குழியை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்திருப்பார்கள். கண்ணாடி தேவையா, கோலில் ஏதாவது சேர்க்க வேண்டுமா, அல்லது எந்தப் பஸ் வந்து நிற்கிறது என்பதுதான் அவருடைய உண்மையான தலைவலியா என்பது அந்த நடையில் தெரிந்திருக்கும். அவரைச் சந்திக்காமலே அவருக்காக ஒன்றைச் செய்து மேடையில் கைதட்டல் வாங்குவது நியாயமாக எனக்குப் படவில்லை.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கத்துப் பள்ளிகளில் யானை பற்றிய மாடல்கள் வரும். கேழ்வரகு விளையும் காலத்தில் அங்கே பல குடும்பங்களுக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது, அதனால் பிள்ளைகள் இந்தப் பொருளை எடுப்பது இயல்பு. இங்கே குறிப்பில், 'இது என்ன செய்யக் கூடாது' என்ற பகுதி எல்லாவற்றையும்விட முக்கியம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. குட்டிகள் இரண்டு மட்டும் பிழைத்தன. 'யானையை விரட்டும் கருவி' என்று மட்டும் எழுதினால் அந்த மின்வேலியும் அந்த வரிக்குப் பொருத்தமான விடைதான். யானைக்கோ ஆளுக்கோ காயம் வரக் கூடாது, செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்ய வேண்டும், பரணில் காவல் இருப்பவர் இறங்கி வராமலே வனத்துறைக்குச் செய்தி போக வேண்டும் என்று எழுதினால் பாதி ஆபத்தான யோசனைகள் தாமாகவே கழன்றுவிடும். அதோடு, இதைச் சோதிக்க எந்தப் பிள்ளையும் இரவில் காட்டோரம் போகக் கூடாது என்று நீங்களே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சின்ன வகுப்புகளுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பள்ளிக்குள்ளேயே ஆள் இருக்கிறார்கள். காலை உணவு சாப்பிட்டு முடித்த ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் தட்டுக் கழுவும் இடத்தை ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நின்று பார்க்கட்டும். குழாய் எட்டாமல் எம்பும் குழந்தை எத்தனை பேர், தண்ணீர் எங்கே தெறிக்கிறது, சட்டை நனைவது யாருக்கு. குழாயின் உயரத்தையும் குழந்தைகளின் தோள் உயரத்தையும் டேப் வைத்து அளந்தால் கணக்குப் பாடத்தில் சராசரி வந்துவிடும். சராசரிக்குச் செய்தால் குள்ளமான குழந்தைக்கு என்ன ஆகும் என்ற கேள்வியும் கூடவே வரும்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளித் தகவல் பதிவுகள், தேர்வுகள், விழாக்கள் என்று நேரமே இல்லை, இதில் இன்னொரு தாளா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அறிவியல் ஆசிரியர் ஒருவர் தலையிலேயே இதைக் கட்ட வேண்டாம் என்பேன். தேவைக் குறிப்பு அடிப்படையில் ஒரு எழுத்துப் பயிற்சி. கடிதம், கட்டுரை, விண்ணப்பம் எழுதச் சொல்லித் தரும் தமிழாசிரியர்தான் இதைத் திருத்த மிகப் பொருத்தமானவர். 'அழகாக' என்ற சொல் ஒன்றும் சொல்லவில்லை என்று அவருக்குச் சட்டென்று தெரியும். அளவுகளைக் கணக்காசிரியர் பார்த்துக்கொள்ளலாம். ஓசூர், கெலமங்கலம் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்கள் தங்கள் பாட்டியிடம் அந்த மொழியிலேயே கேட்டு வந்து தமிழில் எழுதட்டும். பெரியவர்களிடம் நன்றாகப் பேசத் தெரிந்து, மேடையில் மட்டும் திணறும் பிள்ளைகளுக்கு இங்கே முதல் முறையாக ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

கடையில் வாங்கிய மாடல்கள் பெருகிவிட்டன என்று ஒவ்வொரு ஆண்டும் பொறுப்பாளர்கள் வருத்தப்படுகிறீர்கள். காரணம் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் என்று நான் நம்பவில்லை. சுற்றறிக்கை வந்து பத்து நாளில் கண்காட்சி என்றால் பெற்றோர் கடைக்குத்தான் ஓடுவார்கள். மதிப்பெண் தாளில் 'தோற்றம், இயக்கம், விளக்கும் திறன்' என்று மட்டும் இருந்தால், கடையில் வாங்கிப் பளபளவென்று இயங்கும் கிட்டுக்குத்தான் மதிப்பெண் போகும். கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளை அட்டையில் செய்தது பின்வரிசையில் நிற்கும். ஒரு பக்கக் குறிப்பை யாரும் கடையில் விற்க முடியாது. தன் தெருவில் புளி தட்டும் அக்கா சொன்னது எந்தக் கிட்டிலும் வராது. பணம் இருக்கிறவரும் இல்லாதவரும் ஒரே கோட்டில் நிற்கும் இடம் அந்தப் பக்கம்தான். எனக்கு இந்தக் கோரிக்கையில் மிக முக்கியமாகப் படுவது இதுவே.

மாநில, தேசிய வாய்ப்புகளுக்கும் இது நேரடியாக உதவும். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு மாணவர் அனுப்பும் யோசனையை எழுத்தில் பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள். தேர்வானால் முன்மாதிரி செய்ய 10,000 ரூபாய் கிடைக்கிறது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் உள்ளூர்ப் பிரச்சினையைக் களத்தில் ஆய்ந்து வரச் சொல்கிறது, பதிவேடும் கேட்கிறது. தமிழ்நாட்டின் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்திலும் பிரச்சினையைக் கண்டறிவதுதான் முதல் படி. பள்ளி அளவிலேயே குறிப்பு எழுதிப் பழகிய பிள்ளைக்கு இவை எதுவும் புதிதாக இருக்காது.

ஆகவே குறிப்பாகக் கேட்கிறேன். சுற்றறிக்கைக்கும் கண்காட்சிக்கும் நடுவே குறைந்தது ஆறு வாரம் விடுங்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தேவைக் குறிப்பு வந்துவிட வேண்டும், அதற்கு முன் எந்தப் பொருளும் வாங்கக் கூடாது. நூறில் முப்பது மதிப்பெண் குறிப்புக்கு. இன்னொரு முப்பது, செய்தது அந்தக் குறிப்பில் சொன்னதை எவ்வளவு நிறைவேற்றியது என்று குழுவே சோதித்து எழுதியதற்கு. 'நிறைவேறவில்லை, இதனால்' என்று நேர்மையாக எழுதியவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். முதல் சோதனைக்குப் பிறகு குறிப்பை மாற்ற வேண்டி வந்தால் மாற்றட்டும், ஆனால் பழையதை அழிக்காமல், தேதி போட்டுப் பக்கத்தில் எழுதட்டும். எங்கள் டூல் ரூமிலும் அப்படித்தான் வரைபடத்தைத் திருத்துகிறோம்.

முழு மாவட்டத்துக்கும் ஒரே ஆண்டில் கொண்டுவருவது கஷ்டம் என்றால் ஒரு ஒன்றியத்தில் மட்டும் தொடங்குங்கள். பாலக்கோடும் காரிமங்கலமும் எனக்குப் பழகிய இடங்கள். சனிக்கிழமைகளில் நானும், ஓசூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலரும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து குறிப்புகளைப் படித்துக் கேள்வி கேட்கத் தயாராக இருக்கிறோம். பயணச் செலவு எதுவும் வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், சொல்லாமல் விட்டால் அச்சகத்தில் மாறிவிடும். குறிப்புக்கான படிவத்தில் பெட்டி பெட்டியாகக் கட்டம் போடாதீர்கள். கட்டம் போட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை நிரப்பிவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். மேலே பள்ளியின் பெயர், குழுவினர் பெயர், 'யாருக்காக' என்று ஒரு வரி. அதற்குக் கீழே கோடு போட்ட வெறும் தாள் போதும்.

அன்புடன்,
ஓசூரில் பணிபுரியும் பாலக்கோட்டு வடிவமைப்பாளர் ஒருவர்